ஆறே இல்லாத ஊர் எப்படித் துறைமுக நகரமானது?

2024 நவம்பர் 2, சனி, பின்னேரம்: கேள்வி

"யாழ்ப்பாணம் பழம்பெரும் துறைமுகப் பட்டினம் எண்டு மேடைக்கு மேடை சொல்லுகினம். எனக்கு விளங்கேல்லை. துறைமுக நகரம் எண்டால் ஒரு ஆறு கடலிலை விழவேணும், கப்பல் உள்ளுக்கு வரவேணும். புகாருக்குக் காவிரி, கொற்கைக்குத் தாமிரபரணி, கல்கத்தாவுக்கு ஹூக்ளி. எங்களுக்கு என்ன இருக்கு? பண்ணைக் கரையிலை இறங்கினால் முழங்கால் நனையாது. சும்மா பெருமைக்குச் சொல்லுற கதைதானே?"

நவம்பர் 2, இரவு 9.40

தம்பி, பாதி சரி. ஆறு இல்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல். பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது, மேலே ஓடி ஆறாவதற்கு வழி இல்லை. எங்களுக்கு வாய்த்தது கிணறு.

முழங்கால் நனையாது என்பது கொஞ்சம் கூட. இடுப்பு நனையும். பரவைக்கடலின், அதாவது பட்டினத்துக்கு முன்னால் கிடக்கிற கடல்நீரேரியின், பெரும்பகுதி இரண்டு மீற்றருக்கும் குறைவான ஆழம்தான். ஆனால் ஆழம் இல்லாததால் துறைமுகம் இல்லை என்று அங்கேயிருந்து பாய்வதுதான் பிழை. பட்டினத்து வாசலுக்குக் கப்பலைக் கொண்டுவர ஒருவரும் நினைக்கவேயில்லை. கப்பல் வேலணைத் தீவிலுள்ள ஊர்காவற்றுறையில் நிற்கும். அங்கேயிருந்து சரக்கு வத்தையிலும் தோணியிலும் ஏறிப் பரவைக்கடலைக் கடந்து இங்கே வரும். துறைமுகம் ஒரு இடம், பட்டினம் இன்னொரு இடம். இரண்டுக்கும் நடுவில் கோலூன்றிப் போகிற தண்ணீர்.

நவம்பர் 2, இரவு 11.15

புகாரைத் தொட்டபடியால் ஒன்று. அங்கே வந்து குவிந்த பண்டங்களுக்குள் 'ஈழத்து உணவும்' என்று பட்டினப்பாலை சொல்கிறது. எந்தத் துறையிலிருந்து போனது என்று சொல்லவில்லை. மன்னார் மாதோட்டமாகவும் இருக்கலாம். எங்கட ஆக்கள் அதை உடனே யாழ்ப்பாணக் கணக்கில் எழுதிவிடுவார்கள், அதுதான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். ஈழத்திலிருந்து சாப்பாடு ஏற்றுமதி ஆனது என்பதே இன்றைக்கு வாசிக்கப் பகிடியாக இருக்கிறது.

நவம்பர் 4, திங்கள்

"ஊர்காவற்றுறை வெள்ளைக்காரன் வந்த பிறகு வந்த துறை" என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். இல்லை அண்ணை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு, முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, தமிழில் பொறித்தது. சனம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு அன்னதான மடத்துக்கு ஓடுகிறது, கல்வெட்டை யார் பார்க்கிறார்கள். நானும் கனகாலம் அப்படி ஓடின ஆள்தான்.

அதில் உள்ளதைச் சுருக்கிச் சொன்னால்: பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறைக்கே (ஊர்காவற்றுறையின் பழைய பெயர்) வந்து சேரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேணும். பொலன்னறுவையில் இருக்கிற அரசன் வடகோடியில் உடைகிற கப்பலுக்குச் சட்டம் போடுகிறான் என்றால் அங்கே கப்பல் வந்துகொண்டேயிருந்தது, அடிக்கடி உடைந்தும் இருக்கிறது. யானை, குதிரைக்கு மட்டும் ஏன் சலுகை? படைக்கு அவை தேவை. ஒரு கப்பல் உடைந்து பாதிச் சொத்தும் போனால் குதிரை வியாபாரி அடுத்த முறை வேறு கரைக்குப் போய்விடுவான். எழுதினவனுக்கு வியாபாரியின் மனம் தெரிந்திருக்கிறது. தமிழில் எழுதியதும் அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். துறையில் வாசிக்கப்போகிறவனுக்கு விளங்கவேணுமே.

அந்தத் துறைக்குப் பக்கத்திலேயே, அதே வேலணைத் தீவில், அல்லைப்பிட்டியில் 1977இல் சீனத்துப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்டன. சொங் அரச காலத்தவை, 11-12ஆம் நூற்றாண்டு. 2018இல் ஷங்காய் நூதனசாலைக்காரரே வந்து அங்கே தோண்டினார்கள். கல்வெட்டும் ஓடும் கிட்டத்தட்ட ஒரே காலம். வெள்ளைக்காரன் வரக் கிட்டத்தட்ட நானூறு வருசம் கிடக்கிறது.

நவம்பர் 5

"வேணுமெண்டு கப்பலை உடைச்சு வரி தப்பியிருப்பாங்களோ?" என்று ஒருவர். கால் பங்குக்காகவா? 2020 தொடக்கம் சில வருசம் கார் இறக்கவே விடவில்லை. தடைக்கு முன் இறக்கினவனைக் கேட்டுப் பாருங்கோ, பராக்கிரமபாகு தங்கமான மனிசன் என்பான்.

நவம்பர் 9, சனி

இன்றைக்கு நேரம் இருக்கிறது, யானைக் கதையை எழுதுகிறேன்.

பராக்கிரமபாகு காலத்தில் யானை ஏற்றி வந்த கப்பலைப் பார்த்தோம். டச்சுக்காரன் காலத்தில் யானை இங்கேயிருந்து வெளியே போகிறது. வன்னியில் பிடித்து, ஆனையிறவில் ஆழமில்லாத தண்ணீரால் நடத்தி, குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றினார்கள். கொல்கொண்டாவிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் வருவார்கள், ஏலம் நடக்கும். டச்சுக் கும்பனியின் யாழ்ப்பாண வருமானத்தில் யானை பெரிய தொகை. மற்றவை சில்லறை மாதிரித் தெரியும், ஆனால் சனத்தைச் சாப்பிட வைத்தது அந்தச் சில்லறைதான்: வங்காளத்தில் வளையல் அறுக்கச் சங்கு, துணிக்குச் சிவப்பேற்றச் சாயவேர், சோழமண்டலக் கரையில் கூரை போடப் பனைமரம், திருவிதாங்கூருக்குப் புகையிலை. திரும்பி வந்தது முக்கியமாக நெல்லும் அரிசியும் துணியும்.

புகையிலை எங்கட வீட்டுக் கதை. அம்மப்பா சிப்பம் கட்டின மனிசன். பாடம் போட்ட புகையிலையைப் பனையோலைப் பாயில் சுற்றி, முழங்காலால் அமுக்கி, கயிற்றைப் பல்லால் பிடித்து இறுக்குவார். எனக்குத் தெரியக்கூடிய வயதில் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனாலும் கிட்டங்கியின் பின் அறையைத் திறந்தால் மூக்கு எரியும். கோடாப் பாணியின் இனிப்பும் தென்னம்பொச்சுப் புகையும் சேர்ந்த ஒரு காரம். அந்த அறையில் வைத்த நெல்லைக் கோழிகூடத் தின்னாது என்று அம்மம்மா சொல்லுவா. மலையாளத்தான் இந்தப் புகையிலை இல்லாமல் வெற்றிலை போடமாட்டான் என்று அம்மப்பா கடைசிவரை நம்பினவர். 19ஆம் நூற்றாண்டிலேயே திருவிதாங்கூர்ச் சந்தைக்காகத் தவித்துக்கொண்டிருந்த ஊர் இது. வரியைக் கூட்டினால் இங்கே கல்யாணம் தள்ளிப்போகும். ஒற்றைச் சந்தையை நம்பின ஊருக்கு வருகிற சோதனை அது.

இதற்கெல்லாம் முன்னால் மொறொக்கோப் பயணி இபின் பதூதா. 1344இல் இந்தத் தீவுக்கு வந்து யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். சந்தித்த இடம் யாழ்ப்பாணம் இல்லை, புத்தளப் பக்கம். மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது, முத்தை அள்ளிக் காட்டினார், அவருடைய நூறு கப்பல்களை மாபர் என்கிற சோழமண்டலக் கரையில் கண்டேன் என்று எழுதுகிறார். பதூதாவின் நூறு எப்பவும் கொஞ்சம் ஊதின நூறுதான். ஐம்பது என்று வையுங்கோ. ஆறில்லாத ஊரின் அரசனுக்கு ஐம்பது கப்பல் போதாதா?

நவம்பர் 10

"அப்ப நல்லூர்தான் அந்தத் துறைமுகத் தலைநகரம்" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறா. நல்லூர் கரையில் இல்லை அக்கா. அரசன் உள்ளே இருந்தான், கடல் வியாபாரம் பரவைக்கடல் ஓரத்தில் நடந்தது. 1619இல் போர்த்துக்கேயன் சங்கிலி அரசனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்ற பிறகு நல்லூரைக் கைவிட்டுத் தண்ணீரோரம் வந்து கோட்டை போட்டான். அவனுக்குக் கப்பல்தான் உயிர், நல்லூருக்குள் இருந்து என்ன செய்ய? நாங்கள் இன்றைக்கு 'ரவுண்' என்கிற இடத்தின் அச்சு அப்போது விழுந்தது.

இரண்டாம் திகதி எழுதினதோடு ஒரு வரியைச் சேர்க்கிறேன். கோட்டை போட்ட இடம் வெறும் மணலாகக் கிடந்தது என்று நினைக்கவேண்டாம். 2017 தொடக்கம் கோட்டைக்குள் நடந்த அகழ்வுகளில் ரௌலட்டட் என்கிற, புள்ளிக்கோட்டு அலங்காரம் போட்ட பழங்கால மட்கலன் ஓடுகள் வந்தன. கோட்டைக்கு ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கும் முன்னாலேயே அந்தக் கரையில் ஆட்கள் பிற தேசச் சட்டியில் சாப்பிட்டிருக்கிறார்கள். பட்டினம் வேறு துறைமுகம் வேறு என்றது பெரிய கப்பல் காலத்துக்குச் சரி. சின்னக் கப்பல் காலத்தில் பட்டினக்கரையே துறையாக இருந்திருக்கலாம்.

நவம்பர் 15, வெள்ளி

தேர்தல் முடிந்தது. ஆறு இல்லாத ஊரில் இனி ஆறுதலாக எழுதலாம்.

ஒரு தம்பி நேரே கேட்டிருக்கிறார்: "சரி அண்ணை, இவ்வளவும் இருந்தால் எல்லாம் எங்கை போச்சு?" ரயிலில் போனது. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரை தண்டவாளம், 1905இல் கொழும்பு வரைக்கும். அதுவரை யாழ்ப்பாணத்தானுக்கு நாகபட்டினம் கொழும்பைவிடக் கிட்ட. வழக்குக்கும் உத்தியோகத்துக்கும் கொழும்பு, அரிசிக்கும் துணிக்கும் கோயில் மேளத்துக்கும் அக்கரை. ரயில் வந்த பிறகு அரிசியும் கொழும்பாலே வரத் தொடங்கியது. நகரம் கடலுக்கு முதுகு காட்டியது. நம்பாவிட்டால் ரவுணில் கடைவாசல்களைப் பாருங்கோ, எத்தனை கடற்பக்கம் பார்க்கின்றன? கொழும்பு உத்தியோகத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, எங்கட அப்பா அந்த ரயிலில் போய்த்தான் எங்களைப் படிப்பித்தவர்.

ஆனால் எல்லாரும் ரயில் ஏறவில்லை. வல்வெட்டித்துறை விடாமல் கப்பல் கட்டிக்கொண்டிருந்தது. நாகபட்டினம், இரங்கூன், அக்கியாப் என்று அரிசிக்கும் மரத்துக்கும் போய்வந்த பாய்க்கப்பல்கள். அதில் ஒன்று அன்னபூரணி. றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே பாய் விரித்து அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் மசசூசெட்ஸில் உள்ள குளொஸ்ரர் துறையில் கொண்டுபோய் விட்டார்கள். முற்றத்து மணலில் கட்டின கப்பல்.

1948க்குப் பிறகு கடவுச்சீட்டு, அனுமதி, சுங்கம் என்று வந்தது. நேற்றுவரை வியாபாரம் என்றிருந்ததற்கு மறுநாள் கள்ளக்கடத்தல் என்று பெயர். ஓடினது அதே வள்ளம், அதை ஓட்டினது அதே தண்டையல். சட்டம் போட்டவனுக்குக் கடலில் கோடு தெரிகிறது, தண்டையலுக்கு அலைதான் தெரியும். சட்டத்தை மீறினவனை வீரனாக்க நான் வரவில்லை, அதில் காசு பார்த்தவன் யார், கடலில் செத்தவன் யார் என்று எங்களுக்கும் தெரியும்.

நவம்பர் 17, ஞாயிறு

இந்த இழையில் இதுவரை கப்பலும் யானையும்தான் ஓடுகின்றன, சனம் இல்லை. துறைமுக நகரத்தின் குணம் அங்கே யார் யார் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

வண்ணார்பண்ணையில் செட்டிமார். சிவன் கோயில் டச்சுக்காலத்துக் கடைசியில் வைத்திலிங்கச் செட்டியார் என்ற வியாபாரி கட்டினது. கும்பனிக்காரனோடு வியாபாரம் செய்த காசு கோபுரமாக நிற்கிறது. குருநகரில் கத்தோலிக்கக் கடலோடிகள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்று சொல்லுவார்கள், மீன் விலை ஏறினால் போவதும் உண்டு. சோனகத்தெருவில் முஸ்லிம்கள்: இரும்பு, துணி, தையல், லொறி. என்னுடைய முதல் நீளக் காற்சட்டை அங்கே தைத்தது. அளவெடுத்த நானா "வளருற பிள்ளை" என்று காலில் மூன்று விரல்கடை துணி மடித்து உள்ளே விட்டார்.

1990 ஒக்டோபர் 30இல் அந்தச் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியே போகச் சொன்னார்கள். சொன்னது புலிகள். பார்த்துக்கொண்டு நின்றது நாங்கள். ஆயிரம் வருசத்துக் கடல் வியாபாரத் தொடர்பு உள்ள ஒரு சமூகத்தை நகரத்திலிருந்து எடுத்துவிட்டுத் 'துறைமுக நகரம்' என்று பெருமை பேசினால் அது வாய்க்கு மட்டும்தான். சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். தெரு இருக்கிறது, பழைய கைகள் இல்லை.

இதை எழுதியதற்கு இரண்டு பேர் கோபம். கேள்வியே நகரத்தின் குணம் பற்றியது, பிடித்த பக்கத்தை மட்டும் எழுதச் சொல்லாதையுங்கோ.

நவம்பர் 28, வியாழன்

மூன்று நாளாக அடித்த மழையில் பாதி வலிகாமம் தண்ணீருக்குள். எங்கட முற்றத்தில் செருப்பு மிதக்கிறது. இதற்குள் ஒருவர் வழுக்கையாறு நுரைத்து ஓடுகிற படம் போட்டு "இந்தா உங்கடை ஆறு!" என்று எழுதியிருக்கிறார். நல்லது, வழக்கில் புதுச் சாட்சி.

வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். தெல்லிப்பழைப் பக்கத்துத் தண்ணீர் கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை வழியாக அராலியில் பரவைக்கடலில் விழும். மற்ற மாதங்களில் அதற்குள் மாடு மேயும், பெடியள் கிறிக்கெற் விளையாடுவார்கள். ஆனால் அது போகிற வழியைப் பாருங்கோ. கந்தரோடையில் 1917 தொடக்கம் போல் பீரிஸ் தோண்டினார், 1970இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர்கள் தோண்டினார்கள். கறுப்பு-சிவப்பு மட்கலன், பழைய முத்திரைக் காசு, உரோமக் காசு எல்லாம் கிடைத்த இடம், குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. கடலில் இல்லாத ஊருக்கு உரோமக் காசு எப்படிப் போனது? மாரியில் இந்த வழியால் தோணி போயிருக்குமா என்று கேட்கிற ஆசை எனக்கும் உண்டு. சான்று இல்லாமல் ஆசையை வரலாறாக எழுதமாட்டேன். வண்டிலில் போயிருக்கலாம், கரை ஒன்றும் தூரமில்லை.

இன்னொரு ஆறும் இருக்கிறது, கடதாசியில். கனகராயன் ஆறு வன்னியிலிருந்து வந்து ஆனையிறவுப் பரவைக்கடலில் விழுந்து உப்பாகிறது. அதை அங்கேயே மறித்து நன்னீராக்கி, முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சிப் பரவைக்கடலுக்குள் விட்டு, தொண்டைமானாற்றில் கதவு போட்டுக் கடலைத் தடுத்தால் குடாநாட்டுக்கே ஒரு ஆறு கிடைக்கும் என்பது பொறியியலாளர் ஆறுமுகத்தின் திட்டம். தொண்டைமானாற்றில் கதவு போட்டார்கள், முழுத்திட்டம் முடியவேயில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அந்த ஆறு ஒரு முறை ஓடும். இந்த முறையும் ஓடியதே, கேட்டியளோ?

டிசம்பர் 1

வெள்ளம் வடிகிறது, பாம்பு வருகிறது, கவனம்.

"பரவைக்கடல் வெறும் தேங்கின தண்ணி, அதை ஆறு எண்டு ஏன் கொண்டாடுறியள்?" என்று கேட்ட பிள்ளைக்கு வயது காணாது போல. 1993இல், சண்டைக்காலத்தில், கிளாலிப் பரவைக்கடல் தெரியுமா பிள்ளை? றோட்டு இல்லை, ரயில் இல்லை. குடாநாட்டிலிருந்து வெளியே போக அந்த ஒரு தண்ணீர்தான். இரவில், வெளிச்சமில்லாமல், ஒரு இஞ்சின் வள்ளம் பின்னால் நாலைந்து வள்ளங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகும். கயிறு இறுகும்போது முன்வள்ளம் ஒரு குலுக்குக் குலுக்கும், பின்னால் ஒவ்வொன்றாக அந்தக் குலுக்கு வந்து சேரும். எனக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி மடியில் கோழிக் கூட்டோடு இருந்தா. கோழி கத்தினால் துவக்குச் சூடு வரும் என்று எல்லாரும் ஆச்சியைப் பேசினார்கள். ஆச்சி சீலைத்தலைப்பால் கூட்டை மூடிவிட்டு "அதுக்கு விளங்கும், நீங்கள் கத்தாதையுங்கோ" என்றா.

ஆழமில்லாத தண்ணீர் பெரிய கப்பலை உள்ளே விடாது, பீரங்கிப் படகையும் எல்லா இடத்திலும் விடாது. அதனால் தப்பினவர்களும் உண்டு, அப்படியும் கடலுக்குள்ளேயே செத்தவர்கள் நிறையப் பேர். அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

"பரவைக்கடலைத் தோண்டி ஆழமாக்கினால் திரும்பவும் துறைமுக நகரம் ஆகலாமே?" என்று கனடாவிலிருந்து ஒரு அண்ணை. தோண்டினால் களங்கண்டி வலைக்காரனின் இறாலும் நண்டும் போகும், கரைக் கிணறுகள் உவர்க்கும். குடாநாட்டுக் குடிதண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படை. அதைக் கிண்டக்கூடாது. பெரிய கப்பலுக்குக் காங்கேசன்துறை இருக்கிறது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது, போன ஓகஸ்டில் மறுபடி ஓடியது. மாரியில் கடல் விடாது. அந்தக் கப்பல் ஒழுங்காக ஓடினாலே எனக்குப் போதும்.

நத்தார் லீவுக்கு வருகிறவர்கள் ஊர்காவற்றுறை எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறியள். பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போங்கோ, திரும்பும்போது காரைநகருக்குப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறுங்கோ. நடுத்தண்ணீரில் நிற்கிற கடற்கோட்டையை வடிவாகப் பார்க்கலாம். 1658இல் டச்சுக்காரன் இரண்டு கிழமை சுற்றி நின்று, நல்ல தண்ணீர் போகவிடாமல் மறித்துத்தான் அதைப் பிடித்தான். இப்ப அதைக் கடற்படை விடுதியாக நடத்துகிறது, உள்ளே போவதென்றால் முன்கூட்டியே கேட்கவேணும். குடை கொண்டுபோங்கோ. கரையில் நிழலுக்கு ஒரு பூவரசு, அதற்குக் கீழே எப்பவும் ஆரோ ஒருவரின் மோட்டார்சைக்கிள் நிற்கும்.